பதினொராயிரத்துக்குள் ஒரு மின்னல்

மின்விசிறி மாற்றுவதற்கென்று
பிஸ்கட் பேணிக்குள் கிடந்த காசு அது.
பதினொராயிரத்து இருநூறு.
பெனடிக்டாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

முதலில் அகப்பட்டது ட்ரான்ஸ்போமர்.
மத்திய வீதியில் ஸ்ரூடியோவை மூடியவர்
பெயர்ப்பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தார்.
கண்ணாடிக் குழாய் எழுத்துகளில்
'யூரி' மட்டும் உடையாமல் மிஞ்சியிருந்தது.
லைட்டோ வேணும் என்றார்.
இல்லை, பின்னாலுள்ள பெட்டி.
பெட்டி மட்டும் இரண்டாயிரத்து ஐநூறு,
எழுத்தையும் கொண்டுபோனால் இரண்டாயிரம்.
கொண்டுவந்தேன். யூரி இப்போது
எங்கள் கோழிக்கூட்டின் மேல் படுத்திருக்கிறார்.

ஒன்பதாயிரம் வோல்ட் என்று தகட்டில் பொறித்திருந்தது.
ஓட்டோவில் மடியில் வைத்து வந்தேன்.
தூங்குகிற பிள்ளைபோல என்று சொல்லமாட்டேன்,
பன்னிரண்டு கிலோ, தொடை விறைத்துப்போனது.

கம்பிக்குப் பாலையூற்று.
மோட்டர் சுற்றுகிற தவநேசன்
எனாமல் கம்பியை மரச்சில்லோடு சேர்த்து நிறுத்தார்.
கிணறு அடித்தவர்கள் விட்டுப்போன பைப்பில்
ஆறு இரவுகள் சுற்றினேன்.
சுற்றும்போது கதைத்தால் எண்ணிக்கை தவறும்.
சாப்பிட்டியா என்றாள் பெனடிக்டா.
நானூற்றுப் பதினாறு என்றேன்.
எழுநூற்று நாற்பத்து மூன்றில்
சில்லு மொட்டையாய் உருண்டு கட்டிலின் கீழ் போனது.
ஆயிரம் வேண்டும்.

மறுநாள் வெறும் சில்லை
அவர் தராசிலேயே கொண்டுபோய் வைத்தேன்.
இருவரும் பேசவில்லை. முள் பேசியது:
இருநூற்று எண்பது கிராம்.
மிச்சத்தைத் தந்தார், கொஞ்சம் தடித்த கம்பி.
ஈயம் வைத்து ஒட்டிய இடம்
சோற்றில் கல்போல இப்போதும் விரலில் தட்டுகிறது.

நஸ்மியின் பழைய இரும்புக் கடையில்
ஏசி கழித்த செம்புக் குழாய், இருபது அடி.
செம்பு வாங்கினால் பொலிசுக்குப் பதில் சொல்லவேணும், தங்கச்சி,
என்று கொப்பியைத் திறந்தார்.
பெயர். அடையாள அட்டை இலக்கம். என்ன தேவைக்கு?
மின்னல் என்றேன்.
இடிதாங்கி என்று எழுதிக்கொண்டார்.

போத்தலுக்கு உப்புவெளி.
விடுதியின் பின்கதவில் பன்னிரண்டு பியர்ப் போத்தல்,
ஈரத்தோடும் ஒரு எலுமிச்சைத் துண்டோடும்.
கடல் பக்கத்தில்தானே என்று
கடல்தண்ணியே நிரப்பினேன்.
கணக்குப் பார்த்தால் கடலுக்கு உப்புக் காணாது!
இரண்டு பக்கற் உப்பு வாங்கப் போக,
கருவாடோ போடுறீங்கள் என்றாள் கடைக்காரி.
உப்புவெளிக் கடலுக்கு உப்புப் போட்டவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உச்சிக்கு உருண்டையாய் ஏதாவது வேண்டியிருந்தது.
காசு நூற்று அறுபதுதான் மீதி.
குசினியில் இரண்டு அலுமினியச் சட்டிகள்.
வாயோடு வாய் கவிழ்த்து ஒட்டினேன்.

சட்டியால்தான் பிடிபட்டேன்.

பேணியைத் திறந்து பார்த்தாள்.
சுருளைப் பார்த்தாள், யூரியையும்.
ஐஸ் பக்டரியில் கணக்கெழுதுகிற அக்கா
வீட்டுக் கணக்கில் செய்த களவைப்
புறங்கையால் நெற்றி துடைத்தபடி
நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பிறகு, போடு பாப்பம் என்றாள்.

அன்றிரவு முற்றத்து மண்ணில் இரும்புக்கோல் அடித்து
இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினோம்.
இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு
வலக்கையால் சுவிட்சைத் தட்டினேன்.

ஒன்றுமில்லை.
போல்ட்டுகளின் இடைவெளியை ஒரு மயிரளவு குறைத்தேன்.

படபடவென்று வெடித்தது காற்று.
சட்டியின் விளிம்பிலிருந்து
நாவல்பழ நிறத்தில் நான்கு அங்குலம்
கிளைத்தது, தேடியது, அணைந்தது, மறுபடி.
பக்கத்து வீட்டு ரேடியோ செய்தியை விழுங்கியது.
குப்பைப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்த மான்
தலையைத் தூக்கி,
இது தின்கிற சாமானில்லை என்று கண்டு
மட்டையையே மறுபடி மென்றது.

தூரத்தில் நிற்கச் சொல்லி அவள் கையில்
செத்துப்போன ட்யூப் லைட் ஒன்றைக் கொடுத்திருந்தேன்.
வயரில்லை, ஒன்றுமில்லை.
அது எரிந்தது. அவள் கைகளில், வெள்ளையாக,
அவள் மேலுதட்டு வியர்வை தெரியுமளவுக்கு.

வடிவாத்தான் இருக்கு அக்கா, என்றாள்.
காத்து வருமா?